டொரண்ட் டவுன்லோடுகளைப் புது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பில் இடம் தீர்ந்துவிட்டது. புதிதாக ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கியாயிற்று. டொரண்டில் இறக்கி வைத்ததையெல்லாம் அதற்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகும் சீடிங், அதாவது இறக்கியதை மற்றவர்களுக்குப் பகிர்வது, தொடர வேண்டும். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பலருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். பலர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஃபோல்டரை மவுஸால் இழுத்துப் புது டிஸ்க்கில் போட்டுவிட்டு, அப்புறம்தான் கிளையன்ட்டை, அதாவது டொரண்ட் இறக்கும் மென்பொருளை, திறக்கிறார்கள். வரிசை முழுக்கச் சிவப்பு. பதற்றத்தில் ஸ்டார்ட்டை அழுத்தினால், இருப்பதையே மறுபடி முதலிலிருந்து இறக்கத் தொடங்குகிறது.

இதில் கடினமான படி எதுவும் இல்லை. வரிசை மாறினால்தான் தொல்லை. விண்டோஸில் க்யூபிட்டொரண்ட் இருப்பதாக வைத்து எழுதுகிறேன். டிரான்ஸ்மிஷன், டெல்யூஜ் வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

கிளையன்ட் உங்கள் ஃபைலைத் தேடி அலையாது. ஒவ்வொரு டொரண்டுக்கும் "இது இந்த டிரைவில், இந்த ஃபோல்டரில்" என்று ஒரு முகவரியை எழுதி வைத்திருக்கிறது. அந்த முகவரியில் ஃபைல் இல்லையென்றால் "மிஸ்ஸிங் ஃபைல்ஸ்" என்று காட்டும், அவ்வளவுதான். ஃபைல் பக்கத்து டிரைவிலேயே இருந்தாலும் அதற்குத் தெரியாது.

சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஓர் அக்கா, பிள்ளைகள் இணையம் இல்லாமலே பார்க்கட்டும் என்று கீவிக்ஸின் விக்கிப்பீடியாத் தொகுப்பை டொரண்டில் இறக்கி வைத்திருந்தார். படங்களோடு கூடிய ஆங்கிலத் தொகுப்பு ஒன்றே 100 ஜிபிக்கு மேல். புது டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டதும் சிவப்பு வரியைப் பார்த்து, "தம்பி, எல்லாம் போயிட்டுதா?" என்றார். "ஒன்றும் போகலைக்கா, இடம் மாறினது அதுக்குத் தெரியலை" என்று சொல்லிப் புது முகவரியைக் காட்டிக் கொடுத்ததும் வரியின் சிவப்பு போயிற்று. அவர் ஸ்டார்ட்டை அழுத்தாமல் நிறுத்தியதுதான் நல்லதாகப் போயிற்று. அவருடையது மொபைல் டேட்டா.

ஆகவே வேலை இரண்டு பங்கு: ஃபைலை நகர்த்துவது, புது முகவரியைக் கிளையன்ட்டுக்குச் சொல்வது. இரண்டும் சரியாக நடந்ததா என்று சோதித்த பிறகே பழையதை நீக்கலாம்.

2. கையில் இருக்க வேண்டியவை

டிஸ்க்: இன்னும் வாங்கவில்லையென்றால், கேபிளிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் 2.5 அங்குல டிஸ்க்கை வாங்குங்கள். 3.5 அங்குல மேசை டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வேண்டும். கரண்ட் போன நொடியில், எழுதிக்கொண்டிருக்கும்போதே அது நின்றுவிடும். சிறிய டிஸ்க் லேப்டாப் பேட்டரியில் ஓடும் என்பதால் லோட்ஷெடிங் (அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்துவது) வந்தாலும் வேலை தொடரும். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட்ஷெடிங் வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் பழுது என்று கரண்ட் போவது நின்றபாடில்லை.

இடம்: பெட்டியில் 2 டிபி என்று போட்டிருந்தால் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டும். 5 டிபி என்றால் 4.54. ஏமாற்று வேலை இல்லை. தயாரிப்பாளர் ஆயிரமாயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024 வைத்துக் கணக்கிடுகிறது. மாற்றப்போகும் அளவை விண்டோஸ் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேபிள்: டிஸ்க்கோடு வந்ததையே பயன்படுத்துங்கள். பல டிஸ்க்குகளில் இருப்பது அகலமான, இரண்டு பகுதியாகத் தெரியும் யுஎஸ்பி 3 துளை. பழைய போன் கேபிளின் சின்ன முனை அதில் ஒரு பாதிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடும். டிஸ்க்கும் வேலை செய்யும், ஆனால் யுஎஸ்பி 2 வேகத்தில். 500 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மாற்ற ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். யுஎஸ்பி 2-இல் நொடிக்கு 35 எம்பிதான் கிடைக்கும், அதே வேலைக்கு நான்கு மணி நேரம் ஆகும். லேப்டாப்பிலும் யுஎஸ்பி 3 துளையில் செருகுங்கள். பல லேப்டாப்பில் அதன் உள்நாக்கு நீல நிறத்தில் இருக்கும். யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகச் செருகுங்கள்.

நேரம்: லோட்ஷெடிங் அட்டவணை நடப்பில் இருந்தால் ஒரு தடவைக்கு 2 மணி நேரம், திரும்ப இணைக்க இன்னும் அரை மணி என்று கணக்கு வையுங்கள். பேட்டரி முழுதாக ஏறிய பிறகு தொடங்குங்கள். லேப்டாப்பின் ஸ்லீப்பையும் மூடியை மூடினால் தூங்கும் அமைப்பையும் அன்றைக்கு மட்டும் அணைத்து வையுங்கள். இரவில் காப்பியை ஓடவிட்டுப் படுத்தவர்கள் காலையில் 12 சதவீதத்தில் நிற்பதைப் பார்த்ததற்குப் பெரும்பாலும் இந்த ஸ்லீப்தான் காரணம்.

3. புது டிஸ்க்கைச் சோதியுங்கள்

புதியது என்பதாலேயே அதை நம்பிவிடக் கூடாது. கடையில் சீல் பிரிக்காமல் வாங்கியது என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் ஒரு பார்வை போதும். ஓடிய மணி நேரம் பூஜ்யம் அல்லது அதையொட்டி இருக்க வேண்டும். ரீஅலொகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதி), பெண்டிங் செக்டர் (சந்தேகத்தில் இருக்கும் பகுதி) இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஃபைலும் போடாமல் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஃபைல்களைப் போட்ட பிறகு திருப்ப யாருக்கும் மனம் வராது.

இணையத்தில் அநியாயத்துக்கு மலிவாகக் கிடைத்தது, தெரிந்தவர் மூலம் கைமாறி வந்தது என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ கருவியில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். லினக்ஸ், மேக்கில் எஃப்3. போலி டிஸ்க்குகள் 2 டிபி என்று காட்டிவிட்டு, உள்ளே இருக்கும் சிறிய சிப் நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். காப்பி முடிந்தது என்றுதான் திரையில் வரும், ஃபைல் மட்டும் இருக்காது. இந்தச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். சந்தேகம் இருந்தால் அந்த நேரத்தைக் கொடுங்கள்.

4. ஃபார்மட்டை இப்போதே முடிவு செய்யுங்கள்

ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழியும். அதனால்தான் இந்தப் படி காப்பிக்கு முன்னால் வருகிறது. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு "வேறு ஃபார்மட் வைத்திருக்கலாமே" என்று நினைத்தால், முழு வேலையையும் திருப்பிச் செய்ய வேண்டும்.

விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ். எழுதும் நடுவில் கேபிள் பிடுங்கப்பட்டாலும் ஃபைல் சிஸ்டம் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள அதில் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஏடு, இருக்கிறது. எக்ஸ்ஃபாட்டில் அது இல்லை. மேக்கும் விண்டோஸும் மாறி மாறி எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபாட்தான் வசதி, ஏனென்றால் மேக் தானாக என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. ஃபாட்32 மட்டும் வேண்டவே வேண்டாம். 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலையும் அது ஏற்காது. மேலே சொன்ன விக்கிப்பீடியாத் தொகுப்பு அதில் உள்ளேயே நுழையாது.

டொரண்டுக்கு எக்ஸ்ஃபாட்டில் இன்னொரு சிரமமும் உண்டு. டொரண்ட் துண்டுகள் வரிசையாக வருவதில்லை, ஃபைலின் கடைசித் துண்டு முதலில் வரலாம். இடையில் உள்ள காலி இடத்தை எழுதாமல் விட்டுவைக்கும் வசதி என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கிறது, எக்ஸ்ஃபாட்டில் இல்லை. ஆகவே ஒரு 50 ஜிபி ஃபைலின் கடைசித் துண்டு வந்ததும் அதுவரை உள்ள இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும். அந்த நேரம் டிஸ்க் உறைந்துவிட்டது போலத் தெரியும். பயந்து கேபிளைப் பிடுங்காதீர்கள்.

2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் பார்டிஷன் முறை (டிஸ்க்கைப் பகுதியாகப் பிரித்துக் கணக்கு வைக்கும் முறை) ஜிபிடியாக இருக்க வேண்டும். பழைய எம்பிஆர் முறை அதற்கு மேல் கணக்கு வைக்காது.

5. டிரைவ் எழுத்தை நிலையாக்குங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. விளைவு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். விண்டோஸ், செருகும் டிஸ்க்குக்கு அப்போது காலியாக உள்ள எழுத்தைக் கொடுக்கும். இன்றைக்கு இ (E). நாளை பென் டிரைவை முதலில் செருகினால் உங்கள் டிஸ்க் எஃப் ஆகிவிடலாம். கிளையன்ட் இ டிரைவில் தேடும், மறுபடியும் எல்லாம் சிவப்பு.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, புது டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து, சேஞ்ச் டிரைவ் லெட்டர் மூலம் எம் அல்லது எக்ஸ் போல அகர வரிசையில் பின்னால் உள்ள எழுத்தைக் கொடுங்கள். நீங்களே கொடுத்த எழுத்தை விண்டோஸ் அந்த டிஸ்க்குக்கென நினைவில் வைத்திருக்கும். முகவரியைக் கிளையன்ட்டுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே இதைச் செய்துவிடுங்கள்.

லினக்ஸில் டிஸ்க்கின் யுயுஐடியை (மாறாத அடையாள எண்) வைத்து எப்போதும் ஒரே ஃபோல்டரில் மவுண்ட் ஆகும்படி, அதாவது இணையும்படி, செய்யுங்கள். அங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த ஃபோல்டர் காலியாக அப்படியே இருக்கும். கிளையன்ட் அதை உண்மையான இடம் என்று நம்பி, உள் டிஸ்க்கிலேயே எல்லாவற்றையும் மறுபடி இறக்கத் தொடங்கலாம். மவுண்ட் ஆகாதபோது அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பர்மிஷனைக் குறைத்து வைப்பது நல்லது.

6. கிளையன்ட்டை நிறுத்தி, அதன் நினைவைக் காப்பி எடுங்கள்

எல்லா டொரண்டுகளையும் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். க்யூபிட்டொரண்ட் 5-ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பொத்தானின் பெயர் ஸ்டாப், அதற்கு முன் பாஸ் (இடைநிறுத்து). ஓடிக்கொண்டிருக்கும் டொரண்டின் ஃபைல் நொடிக்கு நொடி மாறும். மாறிக்கொண்டிருப்பதைக் காப்பி எடுத்தால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும்.

பாதியில் நிற்கும் டொரண்டுகளை முடிந்தவரை முடித்துவிட்டு மாற்றுங்கள். முடியாததை மாற்றக்கூடாது என்றில்லை, ஆனால் பின்னால் சோதிக்கும்போது எது விடுபட்டது, எது ஏற்கெனவே இல்லாதது என்று பிரித்தறிவது சிரமம்.

அப்புறம் கிளையன்ட்டை முழுதாக மூடுங்கள். எக்ஸ் குறியை அழுத்தினால் பல கணினிகளில் அது மூடாது, கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே வலது கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள்.

இப்போது க்யூபிட்டொரண்ட்டின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் பிடி பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். எந்த டொரண்ட், எந்த முகவரி, எவ்வளவு முடிந்தது என்ற கணக்கெல்லாம் அதில்தான். அதை அப்படியே டெஸ்க்டாப்பில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். சில எம்பிதான் இருக்கும். ஏதாவது குளறுபடியானால் இதைத் திருப்பி வைத்துப் பழைய நிலைக்கு வரலாம்.

7. முதல் வழி: கிளையன்ட்டே மாற்றட்டும்

மாற்றுவது சில பத்து ஜிபிதான், எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கக்கூடியதுதான் என்றால் இந்த வழி போதும். லினக்ஸ் ஐஎஸ்ஓ, லிப்ரெஆபிஸ் போன்றவை இந்த வகை. கிளையன்ட்டைத் திறந்து, நிறுத்திய நிலையிலேயே டொரண்டின் மேல் வலது கிளிக் செய்து, செட் லொகேஷனில் புது டிஸ்க்கின் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஃபைலையும் நகர்த்தி முகவரியையும் அதுவே மாற்றிக்கொள்ளும். டெல்யூஜில் இதன் பெயர் மூவ் டவுன்லோட் ஃபோல்டர். டிரான்ஸ்மிஷனில் செட் லொகேஷன் கொடுத்ததும் இரண்டில் ஒன்றைக் கேட்கும்: இப்போதுள்ள இடத்திலிருந்து நகர்த்தவா, ஃபைல் ஏற்கெனவே அங்கே இருக்கிறதா. இந்த வழிக்கு முதலாவது.

இரண்டு எச்சரிக்கை. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துச் செட் லொகேஷன் கொடுத்தால், இதுவரை பாடம், இசை, மென்பொருள் என்று தனித்தனி ஃபோல்டரில் இருந்தவை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போய்க் குவியும். ஃபோல்டர் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமாக மாற்றுங்கள். இரண்டாவது, டொரண்டில் ஆட்டோமேட்டிக் மேனேஜ்மென்ட் டிக் ஆகியிருந்தால் முகவரியை அந்த டொரண்டுக்குக் கொடுத்த வகைதான் (கேட்டகரி) தீர்மானிக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நடுவில் லேப்டாப்பே அணைந்துவிட்டால் கலங்க வேண்டாம். ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது என்றால் முதலில் காப்பி, பிறகுதான் பழையதை நீக்குவது. திரும்ப ஆன் செய்ததும் பழைய ஃபோல்டரில் ஃபைல்கள் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் புது டிஸ்க்கில் கிடக்கும் அரைகுறைக் காப்பியை நீக்கிவிட்டு, அந்த ஒரு டொரண்டுக்கு மட்டும் மறுபடி செட் லொகேஷன் கொடுங்கள்.

8. இரண்டாம் வழி: நீங்களே காப்பி எடுத்து முகவரியைக் காட்டுவது

பெரிய அளவு, சீடர் இல்லாத பழைய டொரண்ட், மறுபடி கிடைக்காத பொருள் என்றால் இதுதான் வழி. முதல் வழியில் கிளையன்ட் வேலை முடிந்ததும் பழையதை நீக்கிவிடும், திரும்பிப் போக இடமில்லை. இதில் எல்லாம் சரி என்று நிரூபணம் ஆகும்வரை பழையது அப்படியே இருக்கும். புது டிஸ்க்கில் முதல் தடவை செய்பவர்கள் எல்லோருக்கும் நான் இதையே சொல்வேன். ஒரு மணி நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

முதலில் புது டிஸ்க்கில் குறுகிய பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள், டிரைவின் முதல் மட்டத்திலேயே. விண்டோஸில் பாதையும் பெயரும் சேர்ந்து 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு இன்னும் பல மென்பொருள்களைப் பிடித்து வைத்திருக்கிறது. டொரண்ட் ஃபைல் பெயர்களோ ஏற்கெனவே நீளம்.

கிளையன்ட் மூடிய நிலையில், காப்பி கொடுங்கள். கட் வேண்டாம். கட் செய்தால் பாதியில் கேபிள் ஆடினாலும் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். டெராகாப்பி போன்ற கருவி இருந்தால் இன்னும் நல்லது. எழுதியதைச் சரிபார்க்கும், நின்றால் தொடரும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியும், லினக்ஸின் ஆர்சிங்க்கும் ஏற்கெனவே போன ஃபைலைத் தாண்டிச் செல்லும்.

காப்பிக்கு முன் விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பை ஆன் செய்யுங்கள். டொரண்டில் சில ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கியிருந்தால், க்யூபிட்டொரண்ட் பார்ட்ஸ் என்று முடியும் ஒரு மறைந்த ஃபைலை அதே சேமிப்பு ஃபோல்டரில் வைத்திருக்கும். டொரண்ட் துண்டுகள் ஃபைல் எல்லையைப் பார்த்து வெட்டப்படுவதில்லை. ஒரே துண்டில் நீங்கள் கேட்ட ஃபைலின் வாலும் வேண்டாம் என்று விட்ட ஃபைலின் தலையும் இருக்கும். அந்த வேண்டாத பாதி இந்தப் பார்ட்ஸ் ஃபைலில் கிடக்கிறது. டொரண்டின் சொந்த ஃபோல்டரை மட்டும் திறந்து காப்பி எடுப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 99.8 சதவீதத்தில் நிற்கிறதே என்று கேட்கிறார்கள்.

வேகம் தொடக்கத்தில் நன்றாக இருந்து போகப்போக விழுந்தால், டிஸ்க் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். சிறிய டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் முறையில் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏற்றி எழுதுபவை. தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஜிபி எழுதும்போது உள்ளே அடுக்கி வைக்க நேரம் எடுக்கும். சற்று நேரம் விட்டால் தானாக மீளும்.

காப்பி முடிந்ததும் இரண்டு ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டிஸையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து, ஃபைல் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். சைஸ் ஆன் டிஸ்க் என்ற எண் மாறலாம், அதை விடுங்கள். சைஸ் என்ற எண் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து, டிஸ்க்கை எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகுங்கள். தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் இப்போதுதான் காப்பி எடுத்த ஃபைலின் ஒரு பகுதி இன்னும் ரேமில் இருக்கும். சோதனை அந்த ரேமைப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லக்கூடும். நமக்குத் தெரிய வேண்டியது டிஸ்க்கில் என்ன எழுதப்பட்டது என்பது.

இனி பழைய ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். பின்னால் பழையது என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். இதனால் கிளையன்ட்டுக்குப் பழைய முகவரியில் எதுவும் கிடைக்காது. புது முகவரியைக் கொடுக்கும்போது பழையதை எடுத்துப் புதியதன் மேல் எழுதும் பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அசல் ஃபைலும் பத்திரம்.

கிளையன்ட்டைத் திறங்கள். சிவப்பு வரும், எதிர்பார்த்ததுதான். ஸ்டார்ட்டைத் தொடாமல் செட் லொகேஷன் கொடுத்துப் புது ஃபோல்டரைக் காட்டுங்கள். டிரான்ஸ்மிஷனில் இந்த முறை இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்: ஃபைல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

காட்ட வேண்டியது எந்த ஃபோல்டரை? இங்கேதான் அடுத்த தடுமாற்றம். டொரண்டின் பெயரில் உள்ள ஃபோல்டரை இல்லை, அதைத் தாங்கியிருக்கும் மேல் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். எம் டிரைவில் டொரண்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் உபுண்டு என்ற ஃபோல்டர் என்றால், காட்ட வேண்டியது டொரண்ட். உபுண்டுவைக் காட்டினால், உபுண்டுவுக்குள் இன்னோர் உபுண்டுவைத் தேடி, கிடைக்காமல் 0 என்று சொல்லும்.

9. ரீசெக்

முகவரியைச் சொன்னதும் அந்த டொரண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஃபோர்ஸ் ரீசெக் கொடுங்கள். டிரான்ஸ்மிஷனில் வெரிஃபை லோக்கல் டேட்டா. டொரண்ட் ஃபைலில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ், கைரேகை போன்ற சரிபார்ப்பு எண், எழுதப்பட்டிருக்கிறது. கிளையன்ட் புது டிஸ்க்கிலிருந்து துண்டு துண்டாகப் படித்து அந்த ஹாஷோடு ஒப்பிடும். சாதாரணக் காப்பியில் இல்லாத வசதி இது. ஒரு பைட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். முதல் வழியில் மாற்றியவர்களும் இதைச் செய்யுங்கள். புது டிஸ்க்குக்கும் கேபிளுக்கும் இதைவிட நல்ல பரீட்சை கிடையாது.

எல்லாம் படித்து முடிக்க, காப்பிக்கு ஆன நேரம் கிட்டத்தட்ட ஆகும். இதில் டிஸ்க்கை வெறுமனே படிப்பது மட்டும்தான் நடக்கிறது. நடுவில் நின்றாலும் நஷ்டமில்லை, மறுபடி கொடுத்தால் போதும்.

முடிவில் 0 என்று வந்தால் முகவரி தவறு, மேலே சொன்ன ஒரு மட்டம் வித்தியாசத்தை முதலில் பாருங்கள். 99-ஐ ஒட்டி நின்றால், பார்ட்ஸ் ஃபைல் விடுபட்டிருக்கலாம். அல்லது இறக்கிய பிறகு யாரோ ஃபைலை மாற்றியிருக்கலாம். பாட்டு ஃபைலுக்குள் உள்ள தலைப்பு, ஆல்பம் விவரங்களைத் திருத்தும் மென்பொருள்தான் வழக்கமான காரணம். இந்த இரண்டிலும் ஸ்டார்ட் கொடுத்தால் குறையும் துண்டு மட்டும் இறங்கிச் சரியாகிவிடும். ஆனால் நீங்கள் திருத்தியது அழியும். திருத்தம் வேண்டும் என்றால் அந்த ஃபைலைத் தனியாக வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள்.

பல டொரண்டுகளில் அங்கங்கே சிறு குறை வந்தால், ஒவ்வொரு ரீசெக்கிலும் எண் மாறினால், அது டிஸ்க்கோ கேபிளோ சொல்லும் செய்தி. கேபிளை மாற்றிப் பாருங்கள், வேறு யுஎஸ்பி துளையில் போடுங்கள், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை மறுபடி திறங்கள். சரியாகும்வரை பழையதைத் தொடாதீர்கள்.

10. புதிதாக இறங்குவதும் புது இடத்துக்கே போகட்டும்

பழையவை மாறினாலும் நாளை இறக்குவது பழைய இடத்துக்கே போகும், அதை நீங்கள் சொல்லாதவரை. ஆப்ஷன்ஸ், டவுன்லோட்ஸில் டீஃபால்ட் சேவ் பாத்தை மாற்றுங்கள். வகைகளுக்குத் தனி ஃபோல்டர் வைத்திருந்தால் ஒவ்வொன்றையும், தானாக இறக்கும் ஆர்எஸ்எஸ் விதிகள் இருந்தால் அவற்றையும் பாருங்கள். டீஃபால்ட்டை மட்டும் மாற்றிவிட்டு வகைகளை மறந்தவர்களுக்குத்தான், சில நாளில் சி டிரைவ் மறுபடி நிறைந்துவிடுகிறது.

கீப் இன்கம்ப்ளீட் டொரண்ட்ஸ் இன் என்ற அமைப்பில் லேப்டாப்பின் உள் எஸ்எஸ்டியைக் காட்டுங்கள். இறங்கும்போது அங்கங்கே சிதறி எழுதும் வேலை எஸ்எஸ்டியில் நடக்கும், முடிந்ததும் ஒரே வீச்சில் வெளி டிஸ்க்குக்குப் போகும். எக்ஸ்ஃபாட் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன உறைவுத் தொல்லையும் இதோடு தீரும்.

வீடியோ, பாட்டு ஓடவிடும் ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்றவை வைத்திருந்தால் அவற்றிலும் புது ஃபோல்டரைக் காட்டுங்கள்.

11. பழையதை நீக்குவது

எல்லா டொரண்டும் 100 காட்டி, ஸ்டார்ட் கொடுத்துச் சீடிங் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒருமுறை கணினியை அணைத்து, டிஸ்க்கைச் செருகி, மறுபடி ஆன் செய்து பாருங்கள். டிரைவ் எழுத்து மாறாமல் வந்ததா என்பது அப்போதுதான் தெரியும். ஒரு வாரம் இப்படியே ஓடட்டும். அப்புறம் பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரை நீக்குங்கள்.

நீக்கும்போது ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நீக்குங்கள், கிளையன்ட்டுக்குள் இருந்து வேண்டாம். அங்கே ரிமூவ் கொடுத்து ஃபைலையும் நீக்கு என்ற பெட்டி டிக் ஆகியிருந்தால், போவது புது டிஸ்க்கில் உள்ளது.

ஒன்று மட்டும்: காவடி வீடியோ, குடும்பப் படம் என்று டொரண்டில் இல்லாத சொந்தப் பொருளும் அதே பழைய ஃபோல்டரில் கலந்து கிடக்கிறதா என்று திறந்து பாருங்கள். அவற்றுக்கு ரீசெக் கிடையாது, எங்கிருந்தும் மறுபடி இறக்கவும் முடியாது. அவற்றை இரண்டு வேறு டிஸ்க்குகளில் வையுங்கள்.

12. இனி தினமும்

டிஸ்க்கை முதலில் செருகுங்கள், பிறகு கிளையன்ட்டைத் திறங்கள். விண்டோஸ் தொடங்கும்போதே கிளையன்ட் தானாகத் திறக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். டிஸ்க் இல்லாமல் திறந்து எல்லாம் சிவப்பாகிவிட்டால், எதையும் அழுத்தாமல் எக்ஸிட் கொடுத்து, டிஸ்க்கைச் செருகி, மறுபடி திறங்கள். அப்படியும் சிவப்பு போகாத டொரண்டுக்கு மட்டும் ரீசெக் கொடுங்கள்.

கழற்றும்போது இதற்கு எதிர் வரிசை: கிளையன்ட்டில் எக்ஸிட், பிறகு எஜெக்ட், பிறகு கேபிள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து க்விக் ரிமூவல்தான் இயல்பான அமைப்பு என்பதால் எஜெக்ட் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். சீடிங் நடக்கும் டிஸ்க்குக்கு அது பொருந்தாது. கிளையன்ட் எந்த நொடியிலும் எழுதிக்கொண்டிருக்கலாம்.

சில நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க் காணாமல் போய்த் திரும்பி வருகிறது என்றால், பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணையுங்கள். டிஸ்க்கை ரவுட்டரின் மேலோ மெத்தையின் மேலோ வைக்காதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் அடியில் காற்று போகாத டிஸ்க் தொட முடியாத அளவு சூடாகும். மேசையின் மேல், காற்று படும்படி வையுங்கள். அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் என்றால், கரண்ட் போனதும் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் துள்ளும். கரண்ட் வந்து சில நிமிடம் நிலையாக இருந்த பிறகு செருகுங்கள்.